அரிக்குதா?

தங்கவேல் பயந்தாங்கொள்ளி இல்லை. முட்ட வருகிற எருமையைக்கூடக் கொம்பைப் பிடித்து நிறுத்துவான். அப்படிப்பட்டவன் ஒரு மாதமாகத் தன் கையைப் பார்க்கவே பயந்து கிடந்தான்.

தரமணி மேய்ச்சல் நிலம் முழுக்க ஒரு வெள்ளைப்பூச் செடி பரவிவிட்டது. கப்பலில் வந்த கோதுமையோடு வந்த சனியன் என்று பேச்சு. புல் போன இடத்தில் எருமைகள் அதைக் கடிக்க, பால் கசந்தது. அவன் பால் ஊற்றும் அடையாறு வீடுகளில் முகம் சுளித்தார்கள். பூத்து விதை கொட்டுவதற்குள், மழையில் மண் இளகிய நாளெல்லாம் அவனும் பெண்டாட்டி முத்துலட்சுமியும் வெறுங்கையால் வேரோடு பிடுங்கினார்கள்.

பிறகுதான் அவன் கையும் கழுத்தும் சிவந்து தடித்தன. காது மடல் வீங்கியது. பெருநோய், குஷ்டம்! அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்லவே அவனுக்கு நடுக்கம். தெரிந்தால் அவன் கறந்த பாலை யார் வாங்குவார்கள்? இரண்டு வயது மகள் தங்கத்தை யார் தூக்குவார்கள்? தனித் தட்டு, தனித் தம்ளரோடு கொட்டகைக்குப் போய்விட்டான். குழந்தை கையை நீட்டினால் விரட்டினான். பிடுங்கிக் காயவைத்த செடியையே பரப்பி அதன்மேல் படுத்தான், மகா புத்திசாலி! தடிப்பு இன்னும் ஏறியது.

பொறுக்க முடியாமல் ஒரு காலையில் சாந்தோமில் லூயிஸ் டாக்டர் முன்னால் போய் நின்றான். செடி பிடுங்கியதையும் அதன்மேல் படுப்பதையும் சொன்னான்.

"அரிக்குதா?" என்றார் டாக்டர்.

"உசிரே போவுது சார்."

கண்ணை மூடச் சொல்லி, தடிப்பில் ஊசிமுனையை வைத்தார். தங்கவேல் அலறினான். டாக்டர் சிரித்துவிட்டார்.

"அப்ப பெருநோய் இல்லப்பா. அதுல தோல் மரத்துப் போயிடும். அரிக்காது, சுட்டாலும் தெரியாது. இது அந்தச் செடி பண்ற வேலை. கையில துணி சுத்திக்கிட்டுப் பிடுங்கு. அதுமேல படுக்காதே."

சைக்கிள் பறந்தது.

"முத்து! பெருநோய் இல்லம்மே! செடிதானாம்!" என்று வாசலிலேயே கத்தி, குழந்தையை வாரி அணைத்துக்கொண்டான்.

முத்துலட்சுமி அழுதுகொண்டே சிரித்தாள். பிறகு ரவிக்கைக் கையைச் சுருட்டினாள். முழங்கைக்கு மேல் எட்டணா அகலத்தில் ஒரு வெளிறிய தேமல்.

"எனுக்கும் வந்துகீதுய்யா. நீ பயந்துடுவேன்னு சொல்லல."

"உனுக்கும் செடிதான்! அரிக்குதுல்ல?"

"இல்லியே," என்றாள் அவள் சந்தோஷமாக. "ஒண்ணுமே தெரியல. நேத்து கொதிக்கிற பால் தெறிச்சுது, அதுகூட தெரியலன்னா பாத்துக்கோயேன்."

குழந்தை அம்மாவிடம் தாவியது. தங்கவேலுக்கு அதை அவளிடம் விட மனசு வரவில்லை, தடுக்கவும் கை வரவில்லை.