பந்து கீழே வரும் வரை

“மணி நாலாச்சு. மாடுங்க உள்ள வரணும், கிளம்புங்க,” என்றாள் மேவிஸ்.

“இந்த ஒரு உதை மட்டும், மேவிஸ்.”

“சரி, பந்து கீழ வர்ற வரைக்கும் இந்த இடம் உங்களுது. நீ உதைக்கிற லட்சணத்துக்கு அது எத்தனை நேரம் ஆகிடப் போகுது, கிளெம்?”

டேரின் ஓடை என்ற சிற்றூரில் இதை இன்றும் வரி பிசகாமல் சொல்வார்கள். 1922 மே மாதம், பால் பண்ணைக்காரி மேவிஸ் டூலனின் புல்வெளியில் பண்ணையாட்களும் வெண்ணெய் ஆலையாட்களும் சம புள்ளியில் இருந்தபோது, ஆலைக் கொதிகலன்காரன் கிளெம் ட்ரெகியர் உதைத்த தோல் பந்து புகைபோக்கிக்கு மேலே போய் அங்கேயே நின்றுவிட்டது. கடைசி மணி அடிக்கையில் காற்றில் இருக்கும் பந்து விழுந்த பிறகுதான் முடிவு சொல்ல வேண்டும் என்பது விதி. நடுவர் இருட்டும் வரை அண்ணாந்து நின்றார். அடுத்த சனிக்கிழமையும் எல்லோரும் வந்து காத்திருந்தார்கள். கழுத்து வலித்ததால் வேறொரு பந்தை வைத்து ஆடினார்கள். கோல் கம்பங்களுக்கு யூகலிப்டஸ் மரங்கள் வந்தன, பிறகு ஒரு தகரக் கொட்டகை, பிறகு வெளியூர் அணிகள். இரு தரப்பும் ஒரே கிளப் ஆகிவிட்டதால் முதல் ஆட்டத்தில் யார் ஜெயித்தாலும் பரவாயில்லை என்றானது. நாலு மணிக்கு மாடுகள் தாமாகவே வந்து மைதானத்தின் நடுவில் நிற்கும். அத்துடன் அன்றைய ஆட்டம் முடியும். பந்தின் மேல் கூடு கட்டிய மாக்பை பறவை வெளியூர்க்காரர்களின் தலையை மட்டும் கொத்தியது. மேவிஸ் வேலியோரம் அமர்ந்து, இடைவேளைக்கு ஆரஞ்சு நறுக்கினாள். தோற்ற நாட்களில் கிளெமுக்குப் பெரிய துண்டு.

பத்தாம் ஆண்டில் பந்து இறங்கத் தொடங்கியது, ஆண்டுக்கு மூன்று ஆள் உயரம். எல்லோரும் அண்ணாந்து பார்த்துவிட்டு ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள். இடத்தை எங்களுக்கே விட்டுவிடு என்று கேட்க வாரம் தவறாமல் வேலிக்கு வந்த கிளெம், மழையைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பினான்.

1936 இறுதி ஆட்டத்தின் நடுவே, பந்து மேவிஸின் மடியில், ஆரஞ்சுத் தோல்களுக்கிடையே வந்து அமர்ந்தது. அணிக்குப் பதினெட்டுப் பேராக முப்பத்தாறு ஆட்டக்காரர்களும் அப்படியே நின்றார்கள். மாக்பை வேலிக்கு இடம் மாறியது. படலுக்கு வெளியே மாடுகள் காத்திருந்தன.

“வாக்கு வாக்குதான். திங்கக்கிழமை கொட்டகையப் பிரிச்சிடுறோம்,” என்றான் கிளெம்.

மேவிஸ் இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரனால் பந்தைத் துடைத்தாள். காற்று இருக்கிறதா என்று அமுக்கிப் பார்த்தாள்.

“நீ கேப்ப கேப்பன்னு பதினாலு வருஷம் பாத்தாச்சு. நானே கேக்கறேன்,” என்று பந்தை நீட்டினாள். “இன்னொரு தடவை உதை, கிளெம். இந்தத் தடவை இன்னும் கொஞ்சம் உசரமா.”