மூன்று கை உப்பு

என் அண்ணி மெஹ்னாஸ் மேல் சாட்டப்பட்ட குற்றம், குழம்பில் உப்புப் போட்டது. அதை விசாரிக்க ஊத்தங்கரையிலிருந்து இரண்டு பஸ் மாறி அவருடைய அத்தா ஃபக்ருதீன் மாமா வந்துகொண்டிருந்தார். தீர்ப்பு முன்பே எழுதியாகிவிட்டது. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அண்ணி பையை எடுத்துக்கொண்டு அவரோடு கிளம்ப வேண்டும். எத்தனை நாளைக்கு என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் யாராவது பதில் சொல்லிவிடுவார்களோ என்று பயம்.

புகார் கொடுத்தவர் என் அம்மா முனவர் பேகம். போனில் கொடுத்தார், ஸ்பீக்கரில், வீடே கேட்கும்படி.

"நான் எறக்கி வெச்ச கொழம்ப மறுபடி ஏத்தி உப்புப் போடறாண்ணே. எனக்குத் தெரியாம, தெனமும். நான் என்ன சமைக்கத் தெரியாதவளா? நீங்களே வந்து உங்க பொண்ணக் கேளுங்க."

புகாரில் ஒரு வார்த்தை பொய் இல்லை. அதுதான் சிக்கல்.

ஜூஜுவாடியில் எங்கள் தெருவில் நிக்காஹ் என்றாலும், பெயர் வைப்பது என்றாலும், சட்டியை இறக்குமுன் எங்கள் வீட்டுக்கு ஆள் வரும். "அக்காவ உப்புப் பாக்க வரச் சொன்னாங்க." அம்மா போவார். சமையல்காரப் பண்டாரி அவர் உள்ளங்கையில் ஒரு சொட்டு ஊற்றுவார். அம்மா நக்கிப் பார்த்து "இன்னொரு கை போடு" என்பார், அல்லது "எறக்கு" என்பார். அந்தச் சொல் வரும்வரை மாப்பிள்ளையின் அப்பாவே பசியோடு நின்றாலும் சட்டி அசையாது. பள்ளிவாசல் தலைவர் பதவிக்குக்கூட எங்கள் ஊரில் தேர்தல் உண்டு. அம்மா பதவிக்கு இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போகும்போது அம்மாவின் நாக்கு ருசியையும் கொண்டுபோய்விட்டது. அம்மா யாரிடமும் சொல்லவில்லை. கூப்பிட வந்தவர்களிடம் முழங்கால் வலி என்றார். உப்புப் பார்க்க முழங்கால் எதற்கு என்று தெருவில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. பெற்ற பிள்ளைகள் எங்களுக்கும் தோன்றவில்லை. குழம்பு சப்பென்று இருந்தது. அம்மாவுக்கு வயதாகிறது என்று நினைத்து ஊறுகாய் வாங்கினோம்.

கண்டுபிடித்தது அண்ணிதான், கல்யாணமாகி வந்த புதிதில். பதற்றத்தில் அம்மாவுக்குக் கொடுத்த டீயில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுவிட்டார். அம்மா முழுசாகக் குடித்துவிட்டு, "நாளைலருந்து சக்கரயக் கொஞ்சம் கொறச்சுக்கம்மா" என்றார்.

அன்று சாயங்காலம் அண்ணி எங்கள் இரண்டு பேரையும் மொட்டை மாடிக்குக் கூப்பிட்டார். என் அண்ணன் தப்ரேஸ், பிரேக் பாகங்கள் செய்யும் கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். தலைமுடி அளவு வித்தியாசத்தையும் ரிஜெக்ட் செய்கிறவன், மாசக்கணக்கில் உப்பில்லாத குழம்பை ஓகே செய்துகொண்டிருந்தான்.

"மாமியோட நாக்க நம்பி ஒரு தெருவே சோறு தின்னிருக்குது" என்றார் அண்ணி. "அது போச்சுன்னு நாம சொல்லக்கூடாது. அவங்களா சொல்ற வரைக்கும் ஒருத்தரும் வாயத் தெறக்கக் கூடாது. சத்தியம் பண்ணுங்க."

பண்ணினோம்.

எங்கள் வீட்டுச் சமையலும் ஷிஃப்ட் கணக்குத்தான். அம்மா தொடங்கி வைப்பார், வேலையிலிருந்து வருகிறவர்கள் சூடுபண்ணிச் சாப்பிடுவார்கள். ருசி தெரியாத பயத்தில் அம்மா உப்பைக் குறைத்தே போடுவார். சரியாக ஒரு கை குறையும். அண்ணி செல்போன் பாகங்கள் பூட்டும் கம்பெனியிலிருந்து வந்து, கைகால் கழுவி, அந்த ஒரு கையைப் போட்டுக் கொதிக்கவிடுவார். நாங்கள் சாப்பிட்டுவிட்டு "சூப்பர்ம்மா" என்போம். அம்மா முகம் மலரும். போன வெள்ளிக்கிழமை, உப்பு ஜாடிக்குள் கை இருக்கும்போதே அம்மா உள்ளே வந்துவிட்டார்.

"என்னடி பண்ற?"

"சும்மா, மாமி."

உலகத்தில் எத்தனையோ பதில் இருக்க, அண்ணி இதைச் சொன்னார். அதன் விளைவுதான் ஃபக்ருதீன் மாமா.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா அடுப்படி வாசலில் நின்று அறிவித்தார். "நெய்ச்சோறும் தால்சாவும் நானே ஆக்கிக்கறேன். நீ அடுப்பாண்ட வரவேணாம். உங்கத்தா கூட உக்காந்து விருந்தாளி மாதிரி சாப்புடு."

அண்ணி உள்ளே போய்த் துணி மடித்தார். மடித்த துணியையே பிரித்து மறுபடி மடித்தார்.

நானும் அண்ணனும் மொட்டை மாடியில் கூடினோம்.

"டேய் சாஹில், தால்சா சப்புன்னு இருந்தா என்னாகும்?"

"மாமா வாயத் தெறந்து சொல்லுவாரு. அம்மாவுக்கு நாக்கு போனது வெளிய தெரிஞ்சிடும். சம்மந்தி முன்னால."

"செத்தோம்."

"நீ போயி அண்ணிகிட்டப் பேசேன், போவாதன்னு."

"பேசிட்டேன்டா. 'மாமியே சொல்லணும், அத நான் போட்டுக்குடுத்து இங்க இருக்கமாட்டேன்'னு சொல்றா."

ஒரு கை உப்பு போட்டாக வேண்டும் என்பதில் இருவருக்கும் ஒரே கருத்து. யார் போடுவது என்று மட்டும் பேசிக்கொள்ளவில்லை. எங்கள் வீட்டு ஆண்கள் கூடும் எல்லாக் கூட்டமும் இப்படித்தான் முடியும்.

அம்மா மத்தியான லுஹர் தொழப் போனபோது அண்ணன் அடுப்படிக்குள் புகுந்தது எனக்குத் தெரியாது. நான் குளித்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் வாசலில் "அஸ்ஸலாமு அலைக்கும்" என்று கனத்த குரல் கேட்டது. அம்மா முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டபடி ஓடினார். அடுப்படி காலி. கறியும் பருப்பும் கத்திரிக்காயுமாகத் தால்சா கொதித்துக்கொண்டிருந்தது. ருசி பார்த்தால் நாக்கு வெந்துவிடும், நேரமும் இல்லை. எப்போதும் குறைவது ஒரு கைதானே. போட்டேன், கலக்கினேன், நல்ல பிள்ளையாக வெளியே வந்து மாமாவுக்குத் தண்ணீர் கொடுத்தேன்.

ஃபக்ருதீன் மாமா புளி மண்டி வைத்திருப்பவர். முகமும் தொழிலுக்கு ஏற்றபடி இருக்கும். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"தங்கச்சி, நான் சமாதானம் பேச வரல. எம்பொண்ணு மேல தப்புன்னா கூட்டிட்டுப் போறேன். பெரியவங்க கொழம்புல கை வெக்கறது என்ன பழக்கம்?"

"மொதல்ல சாப்புடுங்கண்ணே" என்றார் அம்மா.

கூடத்தில் பாய் போட்டு, மேலே சாப்பாட்டுத் துணியான சுப்ராவை விரித்து உட்கார்ந்தோம். அண்ணி தன் அத்தா பக்கத்தில், தலை குனிந்து. சுவரோரம் அவருடைய பை. அம்மா பரிமாறினார். உட்காரவில்லை. கரண்டியோடு நின்று எங்கள் முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு வருஷமாக அவருக்கு எங்கள் முகம்தான் நாக்கு.

மாமா பிஸ்மில்லா சொல்லி முதல் கவளத்தை வாயில் வைத்தார். மெல்லுவது நின்றது.

நான் ஒரு கவளம் வைத்தேன். கடல் பக்கமே போகாத மாவட்டம் எங்களுடையது. கடல் வீட்டுக்கு வந்திருந்தது. நிமிர்ந்தால் அண்ணன் என்னைப் பார்க்கிறான். அவன் வலது கையைப் பார்த்தேன். அவன் என் வலது கையைப் பார்த்தான். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது.

"சூப்பர்ம்மா" என்றான் அண்ணன். கண்ணில் தண்ணீர் நின்றது.

"ரொம்ப நாளைக்கப்பறம் இப்புடி ஒரு தால்சா" என்றேன் நான். அதுவும் உண்மைதான்.

மாமா டம்ளரை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். ஜக்கை இழுத்து இன்னொரு டம்ளர் ஊற்றிக்கொண்டார். அம்மாவின் கரண்டி அந்தரத்தில் நின்றது.

"என்னண்ணே, உப்பு தூக்கலா இருக்குதா?"

மாமா பொய் சொல்லத் தெரியாதவர். அதனால் மூன்றாவது டம்ளரை ஊற்றினார்.

"நான்தான் மாமி" என்றார் அண்ணி. "நீங்க வாசலுக்குப் போனப்ப ஒரு கை போட்டுட்டேன்."

மாமா தட்டிலிருந்து கையை எடுத்தார். "இன்னிக்குமா? என்னய வெச்சுக்கிட்டேவா?" கையை உதறினார். "எந்திரி. பைய எடு. நான் சோத்துல கை வெச்சதே தப்பு."

அண்ணி எழுந்தார். அண்ணனும் எழுந்தான். "மாமா, ஒரு நிமிசம்..." என்றவனை மாமா பார்த்த பார்வையில் பாதி வாக்கியம் உள்ளேயே போய்விட்டது. மாமா பையைத் தூக்கித் தோளில் மாட்டினார். அண்ணி நிலைப்படியைத் தாண்டிக் குனிந்து செருப்பைத் தேடினார்.

அம்மா அசையவில்லை. பேசாமல் நின்றால் போதும், அவர் பெயர் பத்திரம். உப்பைக் கெடுத்தது மருமகள் என்றே ஊர் சொல்லும். ஊத்தங்கரைக்கும் அது போய்ச் சேரும். அந்தக் கணக்கு அம்மாவுக்குத் தெரியாதது அல்ல. அவர் முகத்தில் அது ஓடியதை நான் பார்த்தேன்.

"பைய எறக்குங்கண்ணே."

"வேணாம் தங்கச்சி. நீங்க பெரிய மனசு பண்ணி..."

"அவ அடுப்பாண்டயே வரல. நீங்க வர்றீங்களான்னு ஜன்னலாண்டயே நின்னுட்டிருந்தா. நான் பாத்துட்டேதான் இருந்தேன்." அம்மா கரண்டியைச் சட்டிக்குள் விட்டார். "எனக்கு நாக்குல ஒண்ணும் தெரியறதில்லண்ணே. ரெண்டு வருசமாச்சு. இன்னிக்கு சம்மந்தி வர்றாரு, அசிங்கப்படக் கூடாதுன்னு பக்கத்து வூட்டு பாப்பம்மாவக் கூப்புட்டு உப்புப் பாக்கச் சொன்னேன். ஊருக்கெல்லாம் பாத்துச் சொன்னவ நான். அவ சரியா இருக்குதுன்னா. அதுக்கு மேல என்னாச்சுன்னு எனக்குத் தெரியல."

"நான் ஒரு கை போட்டேன்மா" என்றான் அண்ணன்.

"நானும்" என்றேன்.

மாமா எங்கள் இருவரையும், பிறகு வாசலில் ஒற்றைச் செருப்போடு நின்ற மகளையும் பார்த்தார். "அப்ப நீ எதுக்கும்மா போட்டேன்னு சொன்ன?"

அண்ணி அம்மாவைப் பார்த்தார். அம்மாதான் மெதுவாகக் கேட்டார். "அப்ப உங்க எல்லாருக்கும் தெரியும்."

அண்ணன் தலையாட்டினான்.

"எப்பலருந்துடி?"

"நான் வந்த புதுசுல போட்ட டீலருந்து, மாமி. சக்கரைக்கு பதிலா உப்பப் போட்டுட்டேன்."

"அடிப்பாவி. முழு டம்ளரும் குடிச்சனேடி!"

அம்மா சிரிப்பாரென்று நினைத்தேன். அப்படியே தரையில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நானும் அண்ணனும் என்ன செய்வதென்று தெரியாமல் சுப்ராவை மடிக்க ஆரம்பித்தோம், தட்டுகள் அதன் மேல் இருக்கும்போதே. அண்ணி திரும்பி வந்து, செருப்போடு நடுக்கூடம் வரை வந்து, பக்கத்தில் உட்கார்ந்தார். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். பரிமாறின கை, நெய் வழுக்கியது.

"உங்கத்தாவ வரவெச்சு உன்ன நிக்க வெச்சேன்" என்றார் அம்மா முந்தானைக்குள்ளிருந்து. "ஏண்டி சொல்லல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன் மாமி."

அம்மா முகத்தைத் துடைத்தார். சட்டியை எட்டிப் பார்த்தார். "இத என்ன பண்றது இப்ப? இவ்ளோ கறி."

"உப்பில்லாம பருப்பு வேக வெச்சு ஊத்தலாம். கத்திரிக்காய இன்னும் போடலாம்."

"அப்ப வா அடுப்பாண்ட. இனிமே எனக்குத் தெரியாம போடாத. எதுத்தாப்பல நின்னு போடு. சப்புன்னு இருந்தா சப்புன்னு சொல்லு."

"கோவப்படுவீங்க மாமி."

"படுவேன். நீ போடு."

இருவரும் உள்ளே போனார்கள். மாமா தோளில் பையோடு நின்றபடியே இருந்தார். தீர்ப்புச் சொல்ல வந்தவருக்கு வழக்கே இல்லாமல் போய்விட்டது. "இத எங்க வெக்கறது?" என்று என்னிடம் கேட்டார். வாங்கிக்கொண்டுபோய் அண்ணன் அறையில் வைத்தேன். அதற்குள் அண்ணி அவர் முன்னால் ஒரு முறம் கத்திரிக்காயும் அரிவாள்மனையும் வைத்துவிட்டுப் போயிருந்தார். மாமா ஒரு காயை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏம்மா மெஹ்னாஸ்" என்று அடுப்படியைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "ஊத்தங்கரைக்கு அடுத்த பஸ்ஸு எப்ப?"

"பருப்பு இன்னும் வேகலத்தா. உக்காருங்க."

மாமா உட்கார்ந்தார்.