கல்லில் ஏறிய ஞமலி

வேதமணிக்கு ஒரு கொள்கை இருந்தது. பணக்காரனைத் திட்டினால் அது பணக்காரனுக்குப் புரியக் கூடாது. ஏழைக்காக அழுதால் அது ஏழைக்கும் புரியக் கூடாது. இதைவிடப் பத்திரமான புரட்சி அந்த நாளில் தூத்துக்குடியில் வேறு யாருக்கும் வாய்த்ததில்லை.

நாற்பத்து நான்காம் வருஷம், சண்டைக்காலம். அரிசிக்குக் கியூ, மண்ணெண்ணெய்க்குக் கியூ, துணிக்குக் கியூ. நாசரேத்துப் பக்கம் தமிழ் வாத்தியாராக இருந்த வேதமணி, அந்தச் சம்பளத்தில் கியூவில் நிற்கக்கூடத் தெம்பில்லாமல் போய், முள்ளக்காட்டில் தாணுலிங்கம் முதலாளியின் உப்பளத்தில் வேலைக்குச் சேர்ந்தார். காலையில் ஆள் பேர் கூப்பிட்டு மஸ்டர் புத்தகத்தில் குறிப்பது அவர் வேலை. மிச்ச நேரத்துக்கு ஒரு பழைய நிகண்டும் ஒரு பென்சிலும் துணை. இரண்டே அடியில் குறள்வெண்பா எழுதி, மஸ்டர் கொட்டகைச் சுவரில் ஒட்டி வைப்பார். துணிப் பஞ்சம் வந்தபோது ஒட்டியது இது:

பெய்பொன் உடையார்க்குப் பூங்கலிங்கம், ஏழையர்
நெய்தும் உடுப்பர் கிழி.

பொன் கொழுத்தவனுக்குப் பூப்போட்ட துணி, நெய்கிற ஏழைக்குக் கந்தல் என்று பொருள். கங்காணி அதைப் படித்துவிட்டு, கலிங்க தேசத்திலும் சண்டை தொடங்கிவிட்டது போல என்று கவலைப்பட்டார். உப்புச் சுமக்கிற முந்நூறு பெண்களில் எழுத்துத் தெரிந்தவர்கள் ஏழெட்டுப் பேர். அவர்கள் அதைக் கூலிக் குறைப்பு அறிவிப்பு என்று நினைத்து இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. வேதமணிக்கு இதில் வருத்தம் இல்லை. புரியாதவரைதான் கவிதை உயரம் என்பது அவர் எண்ணம்.

"நீங்க யாருக்குத்தான் எழுதுதீங்க?" என்று அவர் மனைவி பிளாரன்ஸ் ஒரு நாள் கேட்டாள்.

"வருங்காலத்துக்கு."

"அப்ப வருங்காலத்துக்கிட்டயே அரிசி வாங்கிக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு அவள் ரேஷன் கடைக்குப் போய்விட்டாள்.

தாணுலிங்கம் முதலாளிக்கோ வெள்ளைக்கார சர்க்கார் கொடுக்கிற ராவ் சாகிப் பட்டத்தின் மேல் ஒரு கண். பட்டம் வாங்க ஏதாவது தர்மம் செய்தாக வேண்டும். யாருக்கும் பிரயோசனம் இல்லாத தர்மமாக யோசித்து யோசித்து, கடைசியில் தன் பங்களாத் தோட்டத்திலேயே ஒரு பளிங்குத் தொட்டி கட்டினார். நடுவில் நீரூற்று. நாளுக்கு நாலு வண்டி நல்ல தண்ணீர் அதற்கு வந்து இறங்கும். அந்த வண்டிகள் உப்பளத்தைத் தாண்டித்தான் போகும். உப்பளத்தில் நாற்பது பெண்களுக்கு ஒரு குடம் தண்ணீர். அதுவும் மத்தியானத்துக்குள் தீர்ந்துவிடும். தொட்டியில் தினமும் இரண்டு வேளை குளிப்பவர் டியூக். டியூக் என்பது முதலாளியின் அல்சேஷன் நாய்.

தொட்டியில் ஒரு கல் பதிக்க முதலாளிக்கு ஆசை. வேதமணியைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"ஓய் வேதமணி, நீரு பாட்டு எழுதுவீராமே. தண்ணியப் பத்தி ஒண்ணு எழுதும். ரெண்டே வரி போதும், கல்தச்சன் எழுத்துக்கு எழுத்து காசு கேக்கான்."

முதலாளியின் மோதிரத்தில் புன்னைக்காய் அளவுக்கு ஒரு முத்து. அதை எடுக்க மூழ்கியவன் எத்தனை பேர் என்று வேதமணி நினைத்துக்கொண்டார். நினைத்ததோடு சரி. வீட்டுக்குப் போய் நிகண்டைப் புரட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினார்:

ஞமலி குடைந்தாடும் நன்புனல், மாந்தர்
சுமப்பார் மிடற்றில் உவர்.

நல்ல தண்ணீரில் நாய் முங்கி விளையாடுகிறது. மனிதர்கள் தொண்டையில் உப்பைச் சுமக்கிறார்கள். இப்படி ஒரு வசவை அந்த வம்சத்தில் யாரும் காசு கொடுத்து வாங்கியதில்லை. முதலாளி இரண்டு தரம் வாய்விட்டுப் படித்தார். 'நன்புனல்' புரிந்தது. 'மாந்தர்' புரிந்தது. நல்ல தண்ணீரும் மக்களும் ஒரே பாட்டில் இருந்தால் அது தன்னைப் பற்றித்தானே? கல்லில் ஏறிவிட்டது.

திறப்பு விழாவுக்கு ஒரு வெள்ளைக்காரத் துரை வந்தார். கல்லுக்கு மாலை போட்டார். ஊர்ப் பெரிய மனிதர்கள் வரிசையாக வந்து, படித்து, தலையை ஆட்டினார்கள். பந்தியில் அல்வா இருந்ததால் யாரும் பொருள் கேட்கவில்லை. வேதமணிக்கு ஒரு பொன்னாடை கிடைத்தது. ஊரே கோவணத் துணிக்குக் கியூவில் நிற்கிற நாளில், கெட்டிச் சரிகை போட்ட பூங்கலிங்கம். அவர் வாங்கிப் போர்த்திக்கொண்டார். உள்ளுக்குள் சிரித்தார். டியூக் பளிங்கில் படுத்துக் காதைச் சொறிந்துகொண்டிருந்தது.

மறுநாள் காலை மஸ்டர் முடிந்ததும் சந்தனமாரி வந்து நின்றாள். உப்பளத்தில் அவள் பாட்டுக்காரி. பெண்கள் ஓலைப்பெட்டியில் உப்பை அள்ளித் தலையில் வைத்துக்கொண்டு, பாத்தி வரப்பில் வரிசையாக நடந்து அம்பாரத்தில் கொட்டுவார்கள். முன்னால் போகிறவள் ஒரு அடி பாடுவாள், பின்னால் வருகிறவர்கள் மறு அடியைப் பிடிப்பார்கள். பாட்டுத்தான் நடை. வெந்த காலோடு உப்பு வரப்பில் பாட்டில்லாமல் நடக்க ஆகாது. இதனால்தான் பாட்டுக்காரிக்கு மட்டும் கங்காணி கொஞ்சம் மரியாதை வைத்திருந்தார்.

"வாத்தியாரய்யா, கல்லுல ஒம்ம பாட்ட வெட்டியிருக்காவளாமே. என்ன சொல்லுது அது?"

கேட்டு வந்த முதல் ஆள். வேதமணி ஒவ்வொரு சொல்லாகப் பொருள் சொன்னார். ஞமலி என்றால் நாய். மிடறு என்றால் தொண்டை. உவர் என்றால் உப்பு. சொல்லி முடித்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார், ஒரு ஆச்சரியத்துக்காக.

"இதத்தான நாங்க தெனமும் சொல்லுதோம்" என்றாள் சந்தனமாரி. "இதுக்கு எதுக்கு ஒளிச்சு வச்சுச் சொல்லணும்? நாயி உம்ம கடிச்சிருமோ?"

வேதமணிக்குச் சுருக்கென்றது. பதினெட்டு வருஷமாக எழுதுகிறார். ஒருத்தி, கைநாட்டு, ஒரே வாயில் தராசில் போட்டு நிறுத்துவிட்டாள்.

"எனக்கு நடைக்கு ஒரு பாட்டு வேணும். பழசெல்லாம் பாடிப் பாடித் தேஞ்சு போச்சு. வாயில நிக்கிற மாதிரி ஒண்ணு சொல்லும் பாப்போம்."

ரோஷத்தில் நிகண்டைத் தொடாமல், நின்ற நிலையில் சொன்னார்:

நாய் குளிக்க நல்லதண்ணி நாலு வண்டி போகுது
நாங்க குடிக்க ஒத்தக்கொடம் நாளைக்குன்னு ஆகுது.

சொன்ன பிறகு அவருக்கே வெட்கமாக இருந்தது. இதிலே சொல் என்ன இருக்கிறது, அணி என்ன இருக்கிறது? சந்தனமாரி ஒரே ஒரு தரம் முணுமுணுத்துப் பார்த்துவிட்டு, பெட்டியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள். அன்றைக்கு அம்பாரம் வழக்கத்தைவிட ஒரு முழம் உயர்ந்தது.

பாட்டு உப்போடு உப்பாக மூட்டையில் ஏறித் துறைமுகத்துக்குப் போனது. அங்கிருந்து நடுக்கடலில் நிற்கிற கப்பலுக்கு உப்புக் கொண்டுபோகிற தோணிக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். காயல்பட்டினத்துத் தோணியிலும் அதே பாட்டு. ஒரு வாரத்தில் வண்டிப்பேட்டையில் பாடினார்கள். பத்தாம் நாள் தண்ணி வண்டிக்காரனே பங்களா வாசலில் மாட்டை அவிழ்த்துக்கொண்டு பாடினான். முதலாளி அப்போது துரைக்கு ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்.

வேதமணிக்கு ஆள் வந்தது.

"பாட்டுக்காரி எவ? சந்தனமாரியா? அவ பேர நாளைக்குக் காலையில மஸ்டர்ல அடிச்சிரும்" என்றார் முதலாளி.

சந்தனமாரிக்கு மூன்று பிள்ளைகள். புருஷன், பர்மாவில் ஜப்பான்காரன் புகுந்தபோது அங்கிருந்து நடந்து வந்து பாதி வழியில் போய்ச் சேர்ந்தவன். பேர் அடித்தால் அந்த வீட்டில் அடுப்பு அணையும். வேதமணி ஒரு அடி முன்னால் வந்தார்.

"அண்ணாச்சி, அந்தப் பாட்டு நான் எழுதினது."

முதலாளி ஏறிட்டுப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். வயிறு குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.

"நீரா? ஒம்ம பாட்டுல ஒரு சொல்லாவது ஆருக்காவது வெளங்கிருக்கா வே? நாய நாயின்னு எழுத ஒமக்கு மனசு வருமா? பொம்பளக்காக இரக்கப்படுதீரு, நல்ல மனுசன்தான். போய் வேலையப் பாரும்."

இப்படி ஓர் அவமானம் எந்தக் கவிராயருக்கும் வந்திருக்காது. சொந்தப் பாட்டு தன்னுடையது என்று நம்ப ஆள் இல்லை, காரணம் அது புரிகிறது. வேதமணி கடைசி ஆயுதத்தை எடுத்தார். தோட்டத்துக் கல்லைக் கை காட்டினார்.

"அங்கன கல்லுல இருக்கதும் இதேதான், அண்ணாச்சி. ஞமலின்னா நாய்." சொல்லுக்குச் சொல் பிரித்து, முழுப் பொருளையும் முகத்துக்கு நேராகச் சொன்னார். சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

வசவு ஒன்றும் விழவில்லை. கண்ணைத் திறந்தார். முதலாளி வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்.

"ஒம்ம தவிர இந்த ஊர்ல இது ஆருக்குத் தெரியும்?"

"படிச்ச ஆருக்கும் தெரியாது."

"பின்ன என்ன? கல்லு அங்கனயே கெடக்கட்டும். வெளங்காத வசவு வசவா வே? அது அலங்காரம்." வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டார். "அவ பாடுததுதான் வெளங்குது. அவ பேர அடியும்."

அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் அந்த ஒரு சொல் காலில் முள்ளாகத் தைத்தது. அலங்காரம். பதினெட்டு வருஷக் கோபம், கடைசியில் பணக்காரன் தோட்டத்துக்கு அலங்காரம். வேதமணி வாய்விட்டு அழுதார். பொன்னாடையில்தான் முகத்தைத் துடைத்தார், வேறு துணி இல்லை.

"அடிக்கப் போறீங்களா?" என்று பிளாரன்ஸ் கேட்டாள்.

"அடிக்காட்டி என் பேர அடிச்சிருவாவ."

"சரி, அத உங்க நிகண்டுல பாத்து முடிவு பண்ணாதீங்க" என்றாள்.

காலையில் முந்நூறு பேர் கொட்டகை முன் நின்றார்கள். முதலாளி காரில் வந்து, இறங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். வேதமணி வரிசையாகப் பேர் கூப்பிட்டார். அந்த இடம் வந்தது.

"சந்தனமாரி."

"உள்ளேன் ஐயா."

குறித்தார். அதோடு நிற்கவில்லை. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, கல்லில் இருக்கிற இரண்டு அடியையும் உரக்கச் சொல்லி, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் சொன்னார். ஞமலி என்றால் என்ன என்று இரண்டு தரம் சொன்னார். முந்நூறு பேரும் காரைப் பார்த்தார்கள். அதன் பிறகு வேதமணிக்கு அங்கே வேலை இல்லை. சந்தனமாரியின் பேரைக் கங்காணி தன் கையாலேயே அடித்தார்.

பாட்டுக்காரியை வெளியே தள்ளிவிட்டார்கள். பாட்டும் கூடவே போய்விட்டது. பெண்கள் வேலைக்கு வராமல் இல்லை. வந்தார்கள், பெட்டியை எடுத்தார்கள், வாயை மூடிக்கொண்டு நடந்தார்கள். பாட்டில்லாத நடை, கால் பார்த்துப் பார்த்து வைக்கிற நடை. பாதி அம்பாரம்கூட ஏறவில்லை. "பாடுங்களேன்ளா" என்று கங்காணி கெஞ்சினார். "எங்களுக்கு ஒரே பாட்டுத்தான் தெரியும், அத நீங்க வேண்டாம்னுட்டீங்க" என்றார்கள். கடலில் கல்கத்தாக் கப்பல் உப்புக்காகக் காத்து நின்றது. சண்டைக்காலத்துக் கப்பல் யாருக்காகவும் நாள் கணக்கில் நிற்காது. மூன்றாம் நாள் கப்பல் ஏஜெண்டு பங்களாவுக்கு வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார்.

நாலாம் நாள் சந்தனமாரியைக் கூட்டிக்கொண்டு வரக் கங்காணியே போனார். அன்று முதல் பங்களாவுக்குப் போகிற நாலு வண்டியில் இரண்டு உப்பளத்திலேயே தண்ணீரை இறக்கின. வேதமணியைக் கூட்டிக்கொண்டு வர யாரும் போகவில்லை. கவிராயன் இல்லாமல் எந்த அம்பாரமும் குறைந்துவிடாது.

அவர் தோணித்துறையில் உட்கார்ந்து, ஆட்களுக்கு மனு எழுதிக் கொடுக்கத் தொடங்கினார். படிக்கிற அதிகாரிக்கு விளங்குகிற தமிழில். ஒரு நாள் முள்ளக்காட்டுப் பக்கம் ஒரு வேலையாகப் போனவர் பாட்டைக் கேட்டு நின்றார்.

நாய் குளிக்க நல்லதண்ணி ரெண்டு வண்டி போகுது
நாங்க குடிக்க ரெண்டு வண்டி நாளைக்குன்னு ஆகுது.

யாரையும் கேட்காமல் அவர் பாட்டைத் திருத்திவிட்டார்கள். முன்பென்றால் ஓர் எழுத்தை மாற்றினாலே சண்டைக்குப் போவார். இப்போது விரலை விட்டு எண்ணிப் பார்த்தார். சந்தம் தட்டவில்லை. இப்படி ஒரு சந்தோஷம் பொன்னாடை போர்த்தியபோதுகூட வந்ததில்லை.

அந்த நேரம் முதலாளியின் கார் தூசி கிளப்பிக்கொண்டு வந்தது. டியூக் பின் சீட்டில் தலையை வெளியே நீட்டியிருந்தது. ஆனால் சந்தனமாரி பார்த்தது முன் சீட்டை.

"ஏளா, ஞமலி வாரான். பாட்ட எடுங்க."

வரிசை முழுவதும் அந்தச் சொல் கைமாறிப் போனது, ஞமலி, ஞமலி என்று. படித்தவர்கள் மறந்து நிகண்டில் தூங்கிய சொல். காருக்குள் ஒரு தலை வெடுக்கென்று திரும்பியது. ஊர்ப் பணக்காரர்களிலேயே அந்தச் சொல்லுக்குப் பொருள் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். வேதமணி சொல்லிக் கொடுத்திருந்தார்.