ஸ்பிரிட் துடைத்த ஜன்னல்

படகிலேயே குடியிருக்கும் அந்த அம்மாவைப் படகுத்துறையில் எல்லோரும் நர்ஸம்மா என்பார்கள். ஆஸ்பத்திரி வேலையை விட்டு ஒன்பது வருஷம் ஆகிறது. கணவர் போய்ச் சேர்ந்து இரண்டு. படகின் ஜன்னல்கள் புகை பிடித்ததுபோல் மங்கிப்போயிருந்தன. படுக்கைக்கு மேலிருந்த, வெளிச்சம் புகும் கூரைக் கதவும் விரிசல் விட்டு மழை சொட்ட ஆரம்பித்ததும், ஒரு ஜன்னலைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு பிளாஸ்டிக் ஷீட் கடைக்குப் போனார்.

கடைக்காரர் இரண்டு துண்டுகளை எடுத்து வைத்தார்.

"இது பாலிகார்பனேட். சுத்தியலால அடிச்சாலும் உடையாது. ஆனா சீக்கிரம் கீறல் விழும், வெயில்ல மஞ்சளாயிடும். இது அக்ரிலிக். ஓங்கி அடிச்சா உடையும், ஆனா வருஷக்கணக்கா தெளிவா இருக்கும்."

"ஜன்னலுக்கும் மேல் கூரைக் கதவுக்கும் தெளிவா இருக்கிறதையே குடுங்க. இந்த மாதிரி மட்டமான சாமான் வேணாம். எங்க வீட்டுக்காரர் எங்கேயோ புடிச்சிட்டு வந்து மாட்டினாரு. சாகிற வரைக்கும் சொல்லிக்காட்டிட்டே இருந்தேன்."

கடைக்காரர் பழைய ஜன்னலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். உள்ளே முடி முடியாக எண்ண முடியாத விரிசல்கள்.

"இதுவும் அக்ரிலிக்தாம்மா. நல்ல சாமான். எதால துடைப்பீங்க?"

"ஸ்பிரிட்டால. வாரம் ரெண்டு தடவை. ஆஸ்பத்திரிப் பழக்கம்."

"அதான் தின்னுடுச்சு. சோப்புத் தண்ணியும் மெத்துனு ஒரு துணியும் போதும்."

நர்ஸம்மா பழைய ஜன்னலைத் திரும்ப வாங்கிக்கொண்டார். எவ்வளவு சொல்லிக்காட்டியும் கணவர் ஒருநாளும் எதிர்த்துப் பேசியதில்லை. 'அடுத்த தடவை நல்லதா பாத்து வாங்கிடலாம்' என்பதோடு சரி.

"மேல் கதவுல கால் வைப்பாங்களா?" என்று கடைக்காரர் கேட்டார்.

"நான் ஒருத்திதான். அம்பது கிலோகூடத் தேறமாட்டேன்."

"அப்போ பத்து மில்லிமீட்டர் கனம் தாங்கும்."

"பன்னெண்டே போடுங்க." கொஞ்சம் தயங்கி, "யாராவது வந்தா..." என்றார்.

இரண்டு நாள் ஆனது. வெயிலில் ஷீட் விரியும் என்பதால் திருகாணியைவிடத் துளையைப் பெரிதாகப் போட்டு, சுற்றிலும் பசை வைத்து, எல்லாவற்றையும் தானே பொருத்தினார். முடித்த கையோடு மகனைப் போனில் கூப்பிட்டார்.

"உங்கப்பா வாங்கினது நல்ல சாமான்தான்டா. நான்தான் கெடுத்திருக்கேன்."

"எதைம்மா?"

"ஜன்னல."

"புதுசு போட்டாச்சுல்ல, விடும்மா. வேலைல இருக்கேன், அப்புறம் கூப்பிடறேன்."

போனை வைத்துவிட்டுப் படுத்தார். தலைக்கு மேலே ஒரு மேகம் நகர்ந்துபோவது கையெட்டும் தூரத்தில்போல் தெரிந்தது.

"இங்க பாருங்களேன்" என்று வாய் தவறி வந்துவிட்டது.

மேகம் போகும்வரை அப்படியே கிடந்தார். பிறகு எழுந்து, ஓர் ஆளுக்கு உலை வைத்தார்.