ஏழு கம்பளிகள்

பஸ்ஸிலிருந்து இறங்கியதும் இது நம் தெருதானா என்று நின்றுவிட்டேன். நடைபாதை ஓரம் நான் நட்டிருந்த ஏழு ஜகரண்டா மரக்கன்றுகளும் முழங்கால் உயரத்தில் அறுபட்டு நின்றன. கிளைகளைக் கட்டுக் கட்டாக ஓரத்தில் அடுக்கியிருந்தார்கள். கையிலிருந்த ரொட்டிப் பை எப்போது விழுந்தது என்றே தெரியவில்லை.

ஜனவரிப் பனியில் அவை கருகியது உண்மைதான். இலையெல்லாம் டீத்தூள் மாதிரி ஆகிவிட்டது. ஆனால் மாதபா நகராட்சி நாற்றங்காலில் பதினெட்டு வருஷமாக வேலை பார்க்கிறவள் நான். பனியடித்த கன்றில் அவசரப்பட்டுக் கத்தி வைக்கக் கூடாது. காய்ந்த கிளைதான் உயிருள்ள தண்டுக்குப் போர்வை. பிப்ரவரி கடைசியில் மூன்று நாள், மார்ச் தொடக்கத்தில் நாலு நாள். எங்களுக்கு இவை கடன் நாட்கள். ஒரு கிழவியைக் குளிரில் கொல்லத் தன் நாட்கள் போதாமல் பிப்ரவரி மார்ச்சிடம் கடன் வாங்கியதாம். அவை தாண்டும்வரை பனியை நம்பக் கூடாது. இன்று முதல் நாள்.

எதிர்வீட்டு அபு தாமருக்கு அந்த இடத்தில் கார் நிறுத்த வேண்டும். "உம் நிம்ரு, பொணத்துக்கு எத்தன நாள் காவல் இருப்பே?" என்று, நிம்ருவின் தாயான என்னைத் தினமும் சீண்டுவார். ஏப்ரலுக்குள் துளிர்த்தால் மரம், இல்லாவிட்டால் தார் என்று தெருவே கூடி முடிவு செய்திருந்தது. வேறு யார் அறுத்திருப்பார்? போய் அவர் கதவை இடித்தேன். வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். பாதிச் சவரத்தில் வந்தவர் சிரிக்கவில்லை.

"சத்தியமா நான் இல்ல. உன் வீட்டுக்குள்ள போயி கேளு."

அவர் குரலில் இரக்கம் இருந்தது. வீட்டுக்கு ஓடினேன்.

மகள் லுஜைன் அடுப்படியில் காபிக் கோப்பைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நாளை வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் அவளைப் பெண் கேட்டு மாப்பிள்ளை வீட்டு ஆண்கள் முப்பது பேர் வருகிறார்கள்.

"நான்தாம்மா. சித்தப்பாகிட்ட ரம்பம் வாங்கி அறுத்தேன்," என்றாள், திரும்பாமலே. "பொண்ணு வீட்டு வாசல்ல எதுவும் தழைக்காதாமேன்னு மாப்பிள்ளையோட அத்தை கேட்டுச்சாம். முப்பது பேரு வர்ற வழியில ஏழு பொணம் நிக்கணுமா?"

நாற்றங்காலில் என் கூடவே வளர்ந்த பிள்ளை. தெரியாதவள் செய்திருந்தால் திட்டிவிட்டுப் போயிருப்பேன்.

"உனக்குத் தெரியாதாடி?"

"தெரியும். செத்துப்போச்சுன்னு நெனச்சேன்."

மணிக்கட்டைப் பிடித்து வெளியே இழுத்து வந்தேன். அடுக்கியிருந்த கட்டு ஒன்றிலிருந்து ஒரு கிளையை உருவி, அறுத்த பக்கமாக நகத்தால் கீறினேன். பச்சை. ஈரமாகவே இருந்தது. இன்னொன்றும் அப்படியே. மூன்றாவதை அவளே உருவிக் கீறினாள். கீறியவள் அப்படியே நடைபாதையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். பயம்தான் வந்தது. வானத்தில் பொட்டு மேகம் இல்லை, காற்றும் இல்லை. விடியலில் உறைபனி நிச்சயம். பச்சை வெட்டோடு நிற்கிற தண்டு அதைத் தாங்காது.

லுஜைன் எழுந்து உள்ளே போனாள். அவள் சீருக்கென்று வாங்கி வைத்திருந்த ரோஜாப்பூக் கம்பளிகளை, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல், இரண்டு நடையாகத் தூக்கி வந்தாள். ஏழு.

"புதுசுடி அதெல்லாம்."

"பிடிம்மா, கட்டுவோம்."

விடிந்தபோது தெருவே வெளுத்துக் கிடந்தது. கம்பளிகளை அவிழ்த்துப் பார்க்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. மதியம் முப்பது பேரும் அந்த ரோஜாப்பூ மூட்டைகளைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி வந்து அமர்ந்தார்கள். கேட்டது கிடைக்கும்வரை காபியைத் தொடாமலிருப்பது வழக்கம். அவர்களுடைய பெரியவர் கோப்பையை வாங்கித் தன் முன்னால் வைத்தார்.

"கேக்க வந்தத அப்புறம் கேக்கறேன். வெளிய போத்தி வெச்சிருக்கீங்களே, அது என்ன?"

என் கணவர் ஃபவ்வாஸ் விழித்தார். திரைக்குப் பின்னால் என் பக்கத்தில் நின்றிருந்த லுஜைன், இந்தச் சபையில் பேசவே கூடாதவள், பேசிவிட்டாள்.

"மரம், மாமா. உயிரோடதான் இருந்துச்சு. நீங்க வர்றீங்கன்னு நான்தான் வெட்டிட்டேன்."

பெரியவர் காபியைத் தொடாமல் எழுந்தார். கூடவே முப்பது பேரும் எழுந்தார்கள். ஃபவ்வாஸின் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. காபி குடிக்காமல் எழுந்து போனால் அந்த வீட்டில் வேறு யார் வந்து பெண் கேட்பார்கள்? அவள் கையைப் பிடித்தேன்.

ஜன்னலுக்கு ஓடினேன். அவர்கள் கார்கள் பக்கம் போகவில்லை. பெரியவர் முதல் கன்றின் அருகே குந்தி, முடிச்சை அவிழ்த்து, கம்பளியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு வெட்டுக்குக் கீழே கட்டைவிரல் நகத்தை வைத்தார். சுற்றி நின்ற அத்தனை தலைகளும் குனிந்தன. அபு தாமரும் ஓடி வந்து எட்டிப் பார்த்தார். பச்சையா இல்லையா என்று ஜன்னலிலிருந்து எனக்குத் தெரியவில்லை. உள்ளே, பெரியவர் தொடாமல் வைத்த கோப்பையில் ஆவி இன்னும் எழுந்துகொண்டிருந்தது.