நான்காவது வரிசை

மேஜைகளுக்கு இடையில் ஒருக்களித்து நுழைந்துதான் குவேலானால் நான்காவது வரிசைக்குப் போக முடிந்தது. காலடியெல்லாம் புத்தகக் கட்டுகள். அறுபதுக்கு மேல் பிள்ளைகள். ஒருவரும் தலை தூக்கவில்லை.

மகள் ஜிங்யா முந்தாநாள் பள்ளியின் விடியற்காலை ஓட்டத்தில் மைதானத்திலேயே விழுந்தாள். எழவில்லை. இன்று பதினொரு மணிக்குத் தகனம். "அவளுக்குப் பிடிச்ச துணி ஏதாச்சும் எடுத்துப் போட்டு விடு" என்றார் கணவர். அலமாரியில் இருந்ததெல்லாம் பதினாலு வயதில் வாங்கியவை. அதற்குப் பிறகு அவள் போட்டது சீருடைதான். ஒன்றை ஆஸ்பத்திரியில் கத்தரித்துவிட்டார்கள். இன்னொன்று வகுப்பு நாற்காலியில் தொங்குவதாக வகுப்பாசிரியர் குவாங் சார் ஃபோனில் சொன்னார்.

"சத்தமில்லாம எடுத்துட்டுப் போயிருங்கம்மா. பெரிய பரீட்சைக்கு நாப்பத்தோரு நாள்தான் இருக்கு. பசங்க மனசு கலங்கிரக் கூடாது."

ஜிங்யாவின் மேஜையில் தண்ணீர் பாட்டில் பாதி இருந்தது. பேனா மூடாமல் கிடந்தது.

"ஃபாங்லின்..." பக்கத்து இருக்கைப் பெண்ணை மெல்லக் கூப்பிட்டாள்.

"உக்காருங்க ஆன்ட்டி. நின்னா கேமராவுல தெரியும். நம்ம வகுப்புக்கு மார்க் குறைச்சிருவாங்க." அவள் எழுதிக்கொண்டே இருந்தாள்.

சீருடை தொங்கிய நாற்காலியில் குவேலான் உட்கார்ந்தாள். "அன்னைக்கு அவ ஏதாச்சும் சொன்னாளாம்மா?"

"எனக்கு முன்னாலதான் ஓடினா. இங்கிலீஷ் வார்த்தையெல்லாம் ஒப்பிச்சுக்கிட்டே. திடீர்னு விழுந்துட்டா." பேனா ஒரு கணம் நின்றது. "நான் அவளைச் சுத்திக்கிட்டு ஓடிட்டேன் ஆன்ட்டி. பின்னாலயும் எல்லாரும் சுத்திக்கிட்டுத்தான் வந்தாங்க. வரிசை கலையக் கூடாதில்ல."

பேனா மறுபடி ஓடத் தொடங்கியது.

மணி அடித்தது. முன்னால் இருந்தவன் திரும்பாமலே தோளுக்கு மேல் வினாத்தாள்களை நீட்டினான். குவேலானின் கை தானாக வாங்கியது. ஒன்றை வைத்துக்கொண்டு மீதியைப் பின்னால் கொடுத்தாள். கடைசி வரிசைவரை சரியாக இருந்தது. யாருக்கும் குறையவில்லை, யாரிடமும் மிஞ்சவில்லை.

"பேர் எழுதிருங்க" என்றாள் ஃபாங்லின் தாழ்ந்த குரலில். "பேர் இல்லன்னா திட்டுவாங்க."

குவேலான் பேனாவை எடுத்தாள். மகளின் பெயரைக் கட்டத்துக்குள் நிதானமாக எழுதினாள். அறை முழுக்க தாளில் உரசும் ஒலி மட்டும், இலையை அரிக்கும் பட்டுப்புழுக்கள்போல. பைக்குள் ஃபோன் அதிர்ந்தது, ஓய்ந்தது, மறுபடி அதிர்ந்தது.

பின்னாலிருந்து யாரோ பேனா முனையால் அவள் முதுகைத் தொட்டார்கள்.

"கொஞ்சம் குனிஞ்சுக்கோ. போர்டு மறைக்குது."

குவேலான் குனிந்துகொண்டாள்.