ஒரே மீட்டர்

"ஒரே குடும்பம்தானே?" என்று ஜன்னலுக்கு உள்ளே இருந்தவர் மறுபடியும் கேட்டார். பேனா மூடியைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தார்.

அவன் பாட்டில் கம்பெனியில் இரவு ஷிப்ட் முடிந்ததும் மஞ்சள் சட்டையோடு நேராக மருத்துவமனைக்கு வந்திருந்தான். கண்ணாடி மோதும் சத்தம் இன்னும் காதை விட்டுப் போகவில்லை.

முந்தின இரவு சாப்பிட்டுக் கை கழுவப் போன சித்தப்பா குழாயடியிலேயே சரிந்துவிட்டார். இங்கே கொண்டுவருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. இப்போது பின்பக்கம் குளிர் அறையில் இருக்கிறார். உடலை வாங்க மனைவி கையெழுத்துப் போட வேண்டும். சித்தியின் அடையாள அட்டையில் இன்னும் பிறந்த வீட்டு முகவரிதான். திருமணச் சான்றிதழ் மகளிடம் இருக்கிறது. அவள் ரயிலில் வந்துகொண்டிருக்கிறாள், வந்து சேர இருட்டிவிடும். அதுவரை காத்திருக்க முடியாதென்றால், இறந்தவரின் முகவரியிலேயே குடியிருக்கும் ரத்த உறவு யாராவது எழுதிக் கொடுக்கலாம். அப்படி இருந்தது அவன் ஒருவன்தான்.

"கதவு எண் ஒண்ணாத்தான் இருக்கு. ஒரே குடும்பம்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டா இப்பவே வண்டியில ஏத்திடலாம். உங்க சொத்தையா எழுதிக் கேக்குறேன்?"

"கொஞ்சம் இருங்க சார்" என்று நகர்ந்தான்.

இதே கேள்வியை முன்பு வேறொருவர் கேட்டிருந்தார். அப்போது அவன் கல்லூரியில் முதல் வருடம். உதவித்தொகைக்கு விண்ணப்பித்திருந்தான். சித்தப்பா அந்த உதவித்தொகை அலுவலகத்திலேயே எழுத்தர். கீழே சித்தப்பா வீடு, மாடியில் அம்மாவும் அவனும். இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே மின்சார மீட்டர், சித்தப்பா பெயரில். ஒரு மீட்டர் என்றால் ஒரு குடும்பம், ஒரு குடும்பத்தில் ஒரு பிள்ளைக்குத்தான் பணம் என்றது அலுவலகம். சித்தப்பாவின் மகளும் விண்ணப்பித்திருந்தாள். தனி மீட்டர் கேட்டுப் போனால், வீட்டைப் பாகம் பிரித்த பத்திரம் கொண்டுவா என்றார்கள். பத்திரம் பதியப் போன இடத்தில், தனி மீட்டர் ரசீது எங்கே என்றார்கள். அவன் இரண்டு கட்டடங்களுக்கும் நடுவே நடந்து செருப்பைத் தேய்த்த பிறகு, நேரில் விசாரிக்க ஒரு ஆளை அனுப்பினார்கள்.

வந்தவருக்கு அம்மா டீ கொடுத்தாள். சித்தியும் மாடிக்கு வந்து வாசலில் நின்றிருந்தாள். "தனித்தனியாத்தான் இருக்கீங்களா?" என்று அவர் கேட்டதும், ஓரகத்தியை முன்னால் வைத்துக்கொண்டு எப்படி ஆமாம் என்பது என்று அம்மாவுக்குக் கூச்சம். "தனியாவது ஒண்ணாவது. எல்லாம் ஒரே குடும்பம்தான் சார்" என்றாள்.

அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டு போனார். கோப்பு சித்தப்பாவின் மேசைக்கு வந்தது. அது பேச்சுக்குச் சொன்னது, அடுப்பு வேறு வேறு என்று அவர் ஒரு வரி எழுதியிருந்தால் போதும். ஒரே குடும்பம் என்பது விசாரணையில் உறுதியானதாக எழுதினார். மகளுக்குப் பணம் வந்தது. இவன் படிப்பை விட்டான். "ஆபீஸ்ல சொந்தபந்தம் பாக்கக் கூடாதுடா" என்று மாடிக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். அவன் இரவு வேலைக்குப் போக ஆரம்பித்ததும் ஆந்தை என்று பெயர் வைத்தவரும் அவர்தான்.

சித்தி பெஞ்சிலிருந்து எழுந்து வந்தாள்.

"ஒரு கையெழுத்துதானடா. கை தேஞ்சா போயிடும்?"

"அவரும் ஒரு வரிதான் எழுத வேண்டியிருந்துச்சு சித்தி."

"அதை இன்னுமா மனசுல வச்சிருக்க?"

"வேற எங்க வைக்கிறது? வீட்டுலதான் இடம் இல்லையே."

சித்தி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "அவர் தனித்தனின்னு எழுதத்தான் பாத்தார். மீட்டர் ஒண்ணுதானேன்னு ரெண்டு பேருக்குமே இல்லாம ஆக்கிட்டா? நான்தான் விடல. என் பொண்ணு படிக்க வேணாமா? உங்கம்மாவா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பா."

"அம்மா அப்படிச் செய்யல சித்தி. அதுதான் கணக்கு."

பெஞ்சிலிருந்த அம்மா தலை நிமிராமலே பேசினாள். "அன்னைக்கு அந்த ஆள்கிட்ட சொன்னது நான். கோவம்னா என் மேல காட்டு."

"உன் மேல வர மாட்டேங்குதும்மா. முயற்சி பண்ணிப் பாத்துட்டேன்."

அம்மாவின் காலில் சித்தியின் செருப்பு இருந்தது. ராத்திரி அவசரத்தில் மாட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும்.

அவன் ஜன்னலுக்குத் திரும்பினான். அவருக்குப் பின்னால் சுவரோரம் ஸ்ட்ரெச்சர் ஒன்று தயாராக நின்றது.

"நாங்க தனிக் குடும்பம் சார். அடுப்பு வேற, சமையல் வேற. கதவு எண்தான் ஒண்ணு."

"நிச்சயமா?"

"விசாரிக்க ஆள் அனுப்புங்க. இந்தத் தடவை நானே பதில் சொல்றேன்."

அவர் அவனை ஒரு முறை பார்த்துவிட்டுப் பேனாவை மூடினார். "சரி, பொண்ணு வரட்டும். உக்காருங்கம்மா."

சித்தி நின்றுகொண்டே இருந்தாள். அழவில்லை. அம்மாதான் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். "வீட்டுக்கு வரியாம்மா?" என்று அவன் கேட்டபோது அம்மா சித்தியின் கையை விடாமல் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

பஸ்ஸில் நன்றாகத் தூங்கினான். இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி நடந்தான்.

கீழ் வீடு பூட்டியிருந்தது. ஜன்னல் திறந்திருந்தது. சாப்பிட்ட தட்டு மேசையிலேயே காய்ந்து கிடந்தது. நாற்காலியில் போட்ட துண்டு மின்விசிறிக் காற்றில் எழும்பி எழும்பி விழுந்தது. யாரும் அணைக்கவில்லை, விளக்கையும்தான். சாவி சித்தியிடம்.

மாடிப்படிக்கு அடியில் மீட்டர் பெட்டி. மெயின் சுவிட்சைப் பிடித்தான். கொஞ்ச நேரம் பிடித்தபடியே நின்றுவிட்டுக் கையை எடுத்தான்.

படியில் உட்கார்ந்தான். மாடியில் எதுவும் ஓடவில்லை. பெட்டிக்குள் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது.